பொன் விவான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொன் விவான் என்றால் யார்?

சாப்பாடு, ஒயின், பேச்சு, சிரிப்பு, நண்பர் கூட்டம் என்றால் மனசார மலர்ந்துவிடுகிற ஆள். பிரெஞ்சில் ‘பொன்’ என்றால் நல்ல. ‘விவான்’ என்பது ‘விவ்ர்’ (வாழ்தல்) என்ற வினையிலிருந்து வருவது, ‘வாழ்கிற’ என்று பொருள். இரண்டும் சேர்ந்து ஒரே பெயர்ச்சொல்லாக நிற்கின்றன. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலம் இதைக் கடன் வாங்கிவிட்டது. நம்மில் பெரும்பாலோர் ஆங்கில நாவல், பத்திரிகை வழியாகத்தான் இதைச் சந்தித்திருப்போம். அதனால் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட பணக்கார வாசனையும் கூடவே வந்துவிட்டது.

மூலமொழியில் இது சுபாவத்தைக் குறிக்கும் சொல். எவ்வளவு சாப்பிடுகிறார், என்ன விலைக்குச் சாப்பிடுகிறார் என்பதெல்லாம் கணக்கில் வராது. உம்மென்று தனியாக உட்கார்ந்து உயர்தரமான உணவைக் குறை சொல்லிக்கொண்டே தின்பவர் எத்தனை விவரம் தெரிந்தவராக இருந்தாலும் பொன் விவான் ஆக மாட்டார்.

எப்படி உச்சரிப்பது?

தமிழர்களுக்கு இது ஆங்கிலேயரைவிடச் சுலபம். சொல்லின் இரண்டு பகுதிகளும் மூக்கொலியில் முடிகின்றன. நாக்கு அண்ணத்தைத் தொடுவதில்லை, ‘ன்’ முழுசாக வருவதில்லை. பேச்சுத் தமிழில் ‘மரம்’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடாமல், ‘மரோ’ என்பது போல மூக்கில் முடிகிறது அல்லவா? அதுதான் ‘பொன்’னின் உயிரொலி. இரண்டாவது பகுதிக்குப் பேச்சுவழக்கில் ‘அவன் நாளைக்கு வருவான்’ என்று சொல்லும்போது வரும் ‘வான்’ போதும். பிரெஞ்சின் ஒலி இன்னும் கொஞ்சம் தொண்டைப் பக்கம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் எழுத்து ‘பட்டு’வில் வரும் ப அல்ல, ‘பஸ்’ஸில் வரும் ப. இதைத் தவறவிட்டால் பிரெஞ்சுக்காரர் காதில் ‘பாலம்’ என்ற சொல்லாக விழும்.

எழுத்தில் கடைசியாக ஒரு ‘த’ ஒலிக்குரிய எழுத்து உண்டு. அதை உச்சரிக்கக் கூடாது. அமெரிக்கர்கள் ‘விவான்ட்’ என்று அழுத்திச் சொல்வது ஆங்கில வழக்கு. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த ஊமை எழுத்து புதிதல்ல. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் சிப்பாயை அங்கே ‘சொல்தா’ என்பார்கள். அந்தச் சொல்லும் பிரெஞ்சில் அதே எழுத்தில்தான் முடிகிறது. காதால் கேட்டு வாங்கியதால் தமிழில் அது வரவே இல்லை.

தமிழில் எழுதும்போது பொன்னா, போனா, பானா?

மூன்றிலும் ஒரு வம்பு இருக்கிறது. ‘பொன்’ என்றால் தங்கம், ‘போன்’ என்றால் கையில் இருப்பது, ‘பான்’ என்றால் வெற்றிலைக் கடை. உயிரொலி குறில் என்பதால் ‘பொன்’ தான் மூலத்துக்கு நெருக்கம். இந்தப் பக்கத்தில் அதையே பயன்படுத்துகிறோம். தங்கத்தோடு குழப்பம் வராதபடி முதல் முறை மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுங்கள். இரண்டு சொல்லாகப் பிரித்தே எழுதுங்கள். பிரெஞ்சிலும் நடுவில் இணைப்புக் கோடு கிடையாது.

பெண்ணுக்கும் அதே சொல்லா?

இல்லை. பெண்ணுக்கு ‘பொன் விவான்த்’. இங்கே முதல் சொல்லின் ‘ன்’ முழுசாக, நாக்கு தொட்டு ஒலிக்கும்; இரண்டாவதில் மூக்கொலி அப்படியே இருக்கும். கடைசி ‘த்’தும் கேட்கும். ஆண்பால் பன்மையில் இரண்டு சொல்லுக்கும் எழுத்தில் ‘ஸ்’ சேரும், ஆனால் உச்சரிப்பு மாறாது. தமிழில் ‘பொன் விவான்கள்’ என்றாலே போதும்.

ஒருவரை அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வாரா?

பிரெஞ்சில் மாட்டார். ‘இவர் நல்ல ஆள், இவரோடு ஒரு வேளை சாப்பிட்டால் பொழுது போவதே தெரியாது’ என்ற அர்த்தம்தான் வரும். இரங்கல் குறிப்பு விதிவிலக்கு. அங்கே இச்சொல் வந்தால், மறைந்தவர் கொஞ்சம் அதிகமாகவே குடித்தார் என்பதை நாகரிகமாகச் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளப்படலாம். நாம் எழுதும்போது தவிர்ப்பது நல்லது.

‘பொன் விவர்’ என்றும் பார்த்திருக்கிறேனே?

அது ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் தாங்களே ஒட்டவைத்துச் செய்த பிரெஞ்சு. பிரான்ஸில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘விவர்’ என்ற தனிச்சொல் அங்கே உண்டு, ஆனால் அது கேளிக்கையில் காசையும் காலத்தையும் கரைப்பவரைக் குறிக்கும். நம் ஊர் ‘மைனர்’ ஞாபகத்துக்கு வந்தால் சரிதான்.

கூர்மே, கூர்மான், எபிகூரியன்: எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. கூர்மே என்பவர் நாக்கு பழகியவர். ஒயின் எந்த வட்டாரத்தது, சாஸில் வெண்ணெய் எப்போது சேர்ந்தது என்று சொல்லக்கூடியவர். இச்சொல் முதலில் ஒயின் வியாபாரியின் கையாளை, ஒயினைச் சுவைத்துப் பார்ப்பவனைக் குறித்தது. பிறகுதான் பொதுவாக உணவுக்கு நகர்ந்தது.

கூர்மான் என்பவர் ஆசையாகச் சாப்பிடுபவர். இன்றைய பிரெஞ்சில் இது செல்லமான சொல். ஆனால் கத்தோலிக்கர்களின் ஏழு தலையான பாவங்களின் பிரெஞ்சுப் பட்டியலில் பெருந்தீனிக்கு ‘கூர்மாந்தீஸ்’ என்றே பெயர். நல்ல சாப்பாட்டை விரும்புவது எப்படிப் பாவமாகும் என்று பாரிஸின் புகழ்பெற்ற ரொட்டிக்காரர் லியோனெல் புவாலான் ஓர் இயக்கமே நடத்தினார். பட்டியலில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, மூக்குமுட்டத் தின்பதைக் குறிக்கும் வேறு சொல்லைப் போடுங்கள் என்பது கோரிக்கை. 2002இல் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்துபோனார். மறு ஆண்டு அவர் குடும்பத்தினர் மனுவைப் போப்பாண்டவரிடம் சேர்த்தார்கள்.

எபிகூரியன் என்ற சொல்லை இன்றைய பிரெஞ்சுக்காரர்கள் பொன் விவானுக்கு ஈடாகவே புழங்குகிறார்கள். பாவம் எபிகூரஸ். ஏதென்ஸில் தன் தோட்டத்தில் ரொட்டியும் தண்ணீருமாக வாழ்ந்த தத்துவவாதி அவர் (பொ.ஆ.மு. 341–270). நினைத்தபோது விருந்து கொண்டாட ஒரு சின்னப் பானை சீஸ் அனுப்பு என்று நண்பருக்கு எழுதியதாகச் சொல்வார்கள். அவருடைய விருந்தின் அளவு அவ்வளவுதான்.

‘சவ்வார் விவ்ர்’ என்பதையும் பலர் இதோடு குழப்புகிறார்கள். ‘வாழத் தெரிதல்’ என்று சொல்லுக்குச் சொல் வந்தாலும், அதன் பொருள் நல்ல பழக்கவழக்கம், சபை நாகரிகம்.

தமிழில் ஒரே சொல்லில் சொல்ல முடியாதா?

நேர்ச்சொல் இல்லை. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் திட்டுகிற சொற்கள். ‘சாப்பாட்டு ராமன்’ அளவைப் பார்த்துக் கேலி செய்கிறது. ‘தீனிப்பண்டாரம்’ அதைவிட மோசம். ‘சுகவாசி’யில் வேலைக்கு வணங்காதவர் என்ற குத்தல் உண்டு. ‘உல்லாசப் பேர்வழி’ என்றால் வீட்டில் மனைவி அழுதுகொண்டிருப்பது போல ஒரு காட்சி தானாக வந்து நிற்கும்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இன்னும் தப்பாகும். ‘நல்லா வாழ்றவர்’ என்றால் வசதியானவர் என்றுதான் நம் காதில் விழும். ‘வாழத் தெரிந்தவர்’ என்பது ‘பிழைக்கத் தெரிந்தவர்’ பக்கம் சாய்ந்துவிடுகிறது.

கொஞ்சம் கிட்டே வருவது ‘போகி’. ஒரு வேளை உண்பவன் யோகி, இரு வேளை உண்பவன் போகி, மூன்று வேளை உண்பவன் ரோகி என்ற பழமொழியில் போகி நடுவில், நோய்வாய்ப்படாத இடத்தில் இருக்கிறான். ஆனால் இன்று போகி என்றால் பழைய பாயைக் கொளுத்தும் நாள்தான் நினைவுக்கு வரும். கதையிலோ கட்டுரையிலோ எழுத வேண்டியிருந்தால் ‘ரசித்து வாழ்கிறவர்’ என்று விரித்து எழுதுங்கள். எங்களுக்குத் தெரிந்த வரையில் அதுதான் பொருளைக் கெடுக்காமல் நிற்கிறது.

அப்படி வாழப் பணம் வேண்டாமா?

இதற்குப் பிரான்ஸின் லியோன் நகரத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஊர்ப் பட்டு நெசவாளர்களுக்குக் ‘கானுய்’ என்று பெயர். விடிவதற்கு முன்பே தறியில் உட்கார்ந்தவர்கள், காலை ஒன்பது மணி வாக்கில் கூடி உட்கார்ந்து சாப்பிட்டது ‘மாஷோன்’. பன்றி இறைச்சித் துண்டங்கள், சாசேஜ், குடல், கூடவே பக்கத்து வட்டாரமான பொஜொலேயின் சிவப்பு ஒயின். எல்லாம் விலை மலிந்த, மீந்துபோன உறுப்பு இறைச்சி வகை. ஒயின் வருவது அடிப்பாகம் தடித்த 46 சென்டிலிட்டர் கண்ணாடிக் குடுவையில். இன்றும் ‘பூஷோன்’ எனப்படும் லியோன் சாப்பாட்டுக் கடைகளில் அந்தக் குடுவையைப் பார்க்கலாம். மாஷோன் பழக்கத்தை விடாமல் காக்கிற சங்கங்களும் அங்கே உண்டு. பொன் விவான் என்ற சொல் அந்த மேசைக்குத்தான் கனகச்சிதமாகப் பொருந்துகிறது, வெள்ளிக் கரண்டி வைத்த மேசைக்கு அல்ல.

பேர் பெற்ற பொன் விவான்கள் யார்?

மூன்று பேரைச் சொல்லலாம். கிரிமோ து லா ரெனியேர் (1758–1837), 1783இல் சாவுச் சேதி போல அழைப்பு அச்சடித்து விருந்து கொடுத்தவர். 1803 முதல் பாரிஸின் கடைகளையும் பண்டங்களையும் எடைபோடும் ஆண்டுமலர்களை வெளியிட்டார். உணவு விமர்சனம் என்ற தொழிலே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிரியா-சவாரேன் (1755–1826) நீதிபதி. பிரெஞ்சுப் புரட்சியில் தலை தப்ப ஓடி, அமெரிக்காவில் பிரெஞ்சும் வயலினும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். சுவையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1825 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டே மாதத்தில் இறந்துவிட்டார். 1930களில் அவர் பெயரை ஒரு சீஸுக்கு வைத்தார்கள். அதன் உலர்பொருளில் முக்கால் பங்கு கொழுப்பு.

கூர்நோன்ஸ்கி (1872–1956) என்பது புனைபெயர். ‘ஏன் கூடாது’ என்பதற்கான லத்தீனோடு, அப்போது பாரிஸில் மோஸ்தராக இருந்த ரஷ்யப் பெயர்களின் ‘ஸ்கி’யை ஒட்டிக்கொண்டார். 1927இல் வாக்கெடுப்பு நடத்தி அவரைச் சுவைஞர்களின் இளவரசர் ஆக்கினார்கள். பண்டம் அதனதன் ருசியில் இருக்க வேண்டும் என்பதே அவர் கட்சி. மூவரில் பொன் விவான் என்ற சொல்லுக்கு முழு உரிமை இவருக்குத்தான் என்பது எங்கள் எண்ணம். கிரிமோவிடம் குரூரம் கொஞ்சம் அதிகம்.

வேறு மொழிகளில் இச்சொல் என்ன ஆனது?

ஜெர்மன் நாடக மேடையில் இது ஒரு பாத்திர வகை: நடுவயது, நல்ல உடை, கலகலப்பு. ஹங்கேரியின் ஆப்பரெட்டாவில் (பாட்டும் வசனமும் கலந்த லேசான இசை நாடகம்) கதாநாயகனுக்கே அந்தப் பெயர். ‘பொன்விவான்’ வேடத்துக்கு ஜோடி ‘பிரிமதோன்னா’.

பிரெஞ்சு வீட்டு விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன வரிசையில் வரும்?

2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த பிரெஞ்சு விருந்தின் வரிசை இது: முதலில் ‘அப்பெரித்தீஃப்’ என்ற பசியெழுப்பும் பானம், பிறகு குறைந்தது நான்கு சுற்று (தொடக்க உணவு, காய்கறியோடு மீன் அல்லது இறைச்சி, சீஸ், இனிப்பு), கடைசியில் ‘லிக்யூர்’ என்ற இனிப்பு மது. சீஸ் இனிப்புக்கு முன்னால் வரும் என்பதை மனதில் வைத்து வயிற்றில் இடம் விடுங்கள்.

எட்டு மணிக்கு என்றால் எட்டே காலுக்குப் போங்கள். முன்னதாகப் போவது மரியாதை அல்ல. பூ வாங்கினால் சாமந்தி மட்டும் வேண்டாம். நமக்கு மங்கலப் பூ, அங்கே நவம்பர் தொடக்கத்தில் கல்லறையில் வைக்கும் பூ. ஒயின் கொண்டுபோனால் அதை அன்றே திறக்கவில்லையே என்று நினைக்காதீர்கள். வீட்டுக்காரர் தன் சமையலுக்குப் பொருத்தமானதை முன்பே எடுத்து வைத்திருப்பார்.

கைகள் மேசை விளிம்பில் தெரிய வேண்டும். நாம் இடக்கையை மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே ஒரு மாதிரியாகப் பார்க்கப்படும். ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்க்க வேண்டும். அதற்குத் தட்டு தரவில்லை என்றால் மேஜைத் துணியிலேயே வைக்கலாம். ‘சாந்தே’ என்று கோப்பையை உயர்த்தும்போது ஒவ்வொருவர் கண்ணையும் பார்க்க வேண்டும். இருவர் கைக்கு மேல் குறுக்கே கையை நீட்டக் கூடாது.

சீஸ் தட்டு வந்தால் எப்படி வெட்டுவது?

இங்கேதான் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்கிறார்கள். விதி ஒன்றுதான்: நடுப்பகுதியும் தோலோரமும் எல்லோருக்கும் சம பங்காகக் கிடைக்க வேண்டும். சீஸ் வெளியிலிருந்து உள்நோக்கிப் பக்குவப்படுவதால் ஓரத்துக்கு ஒரு ருசி, நடுவுக்கு ஒரு ருசி.

‘பிரீ’ போல முக்கோணமாக வந்தால் கூர்முனையை நறுக்கி எடுத்துவிடாதீர்கள். மிருதுவான, ருசியான இடம் அது, அடுத்தவருக்கு வெறும் தோல்தான் மிஞ்சும். நீளவாக்கில், முனையிலிருந்து தோல்வரை மெல்லிய சீவலாக எடுங்கள். ‘கமாம்பேர்’ போன்ற சின்ன வட்டத்தைக் கேக் போல வெட்டலாம். ‘ரோக்ஃபோர்’ போன்ற நீலப்பூஞ்சை வகையில், மெல்லிய விளிம்பின் நடுவில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு விசிறி விரிவது போல வெட்ட வேண்டும். உருளையாக வரும் ஆட்டுப்பால் சீஸுக்கு வட்ட வில்லைகள்.

தட்டு ஒரு சுற்றுதான் வரும். இரண்டாம் முறை கேட்டால், முந்தைய சாப்பாடு போதவில்லை என்று சொன்னதாக ஆகிவிடும். மூன்று வகை எடுத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

நீங்களே பரிமாறுவதாக இருந்தால்: பிரான்ஸில் ஒரு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைப்பார்கள். சென்னை வெயிலில் இருபது நிமிடம் தாராளம். அதற்கு மேல் போனால் கொழுப்பு வியர்த்து எண்ணெய் மினுங்கும், மிருதுவானவை ஓடிவிடும்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் தர வேண்டும் என்கிறார்களே?

அந்த அறை ஐரோப்பாவின் கல்வீட்டு அறை. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 30 டிகிரி மேசையில் வைத்தால் சாராய நெடி மூக்கில் ஏறி மற்ற மணமெல்லாம் அமுங்கிப்போகும். ஃபிரிட்ஜில் சுமார் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். மறந்துபோய் இரவெல்லாம் வைத்துவிட்டால் துவர்ப்பு மட்டும் தூக்கலாக நிற்கும். அரைமணி வெளியே வைத்தால் சரியாகிவிடும். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 டிகிரி. அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. இருபது நிமிடத்துக்குள் தயார். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் நேரம் பிடிக்கும், பாட்டிலைச் சுற்றிக் காற்று நிற்பதுதான் காரணம்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். 750 மி.லி. பாட்டில் ஆறு பேருக்கு ஒரு சுற்று வரும்.

குடிக்காதவர் பொன் விவான் ஆக முடியுமா?

தாராளமாக. கோப்பையில் தண்ணீரோடு ‘சாந்தே’ சொன்னால் இன்று யாரும் முகம் சுளிப்பதில்லை. யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதத்தைப் பொன் விவான்களின் நோய் என்று ஒரு காலத்தில் கேலி செய்தார்கள். உறுப்பு இறைச்சியும் மதுவும் அதைக் கிளப்பிவிடும் என்பது உண்மைதான். பிரான்ஸின் பொதுச் சுகாதார அமைப்பே, குடிப்பவர்கள் ஒரு நாளில் இரண்டு கோப்பையைத் தாண்டக் கூடாது, வாரத்தில் பத்தைத் தாண்டக் கூடாது, சில நாள் தொடவே கூடாது என்கிறது. ஒரு கோப்பை என்பது 10 கிராம் ஆல்கஹால்.

நம் சமையலறையில் செய்யக்கூடிய லியோன் பண்டம் ஏதாவது?

‘செர்வெல் து கானுய்’. நெசவாளியின் மூளை என்று அர்த்தம், ஆனால் சுத்த சைவம். பிரெஞ்சில் ‘ஃபுரோமாஜ் பிளான்’ என்ற புதுப் பாலாடையில் செய்வார்கள். நமக்குக் கட்டித் தயிர் போதும்.

புளிக்காத முழுக்கொழுப்புப் பால் தயிர் ஒரு லிட்டரை வெள்ளைத் துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள் ஐந்தாறு மணி நேரம் தொங்கவிடுங்கள். சுமார் 400 கிராம் தேறும். மூன்று சின்ன வெங்காயம், வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி ஒரு கைப்பிடி, அரைப் பல் பூண்டு, கிடைத்தால் கொஞ்சம் பார்ஸ்லி, எல்லாவற்றையும் பொடியாக நறுக்குங்கள். தயிரைக் கரண்டியால் அடித்து மிருதுவாக்கி இவற்றைச் சேர்த்து, ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள் போட்டுக் கலந்து இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சுட்ட ரொட்டிக்கும் அவித்த உருளைக்கிழங்குக்கும் தொட்டுக்கொள்ளலாம்.

நீர்த்துப்போனால் காரணம் இரண்டில் ஒன்று: தயிர் வடிந்தது போதவில்லை, அல்லது மிக்ஸியில் அடித்திருக்கிறீர்கள். மிக்ஸி தயிரின் கட்டை உடைத்துவிடும், பிறகு மீட்க முடியாது. பூண்டை முழுப் பல்லாகப் போட்டால் அன்றைக்கு ருசியாகத்தான் இருக்கும், மறுநாள் வெங்காயம், தாள் எதுவும் தெரியாமல் பூண்டு மட்டும் பேசும். நம் தயிருக்கே புளிப்பு இருப்பதால் வினிகரைக் கடைசியில், ருசி பார்த்துச் சேருங்கள்.